எம்பிஏ புராஜெக்ட் என்றால் கூகுள் ஃபார்மும் கை ஸ்கொயரும் மட்டும்தானா?

கணக்கு_வாத்தியார்

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் போகிறவன் நான். ஏப்ரல், மே வந்தால் கேலிகோ பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டுகள் மேசை மேல் அடுக்கடுக்காக வந்து விழும். ‘வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு’, ‘பணியாளர் மனநிறைவு பற்றிய ஓர் ஆய்வு’ என்று தலைப்பெல்லாம் ஒரே அச்சு, நிறுவனமும் ஊரும்தான் மாறும். கூகுள் ஃபார்ம் ஒன்றை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள், கூடப் படிக்கிறவர்களும் சித்தப்பா பையனும் நிரப்புகிறார்கள், 120 பேர் சேர்ந்ததும் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் சாஃப்ட்வேரில் ஏற்றி வயதுக்கும் திருப்திக்கும் ஒரு கை ஸ்கொயர் (இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் டெஸ்ட்), வருமானத்துக்கும் திருப்திக்கும் ஒன்று, படிப்புக்கும் திருப்திக்கும் இன்னொன்று என்று இருபது வரை போகிறது. அதில் பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே எதற்கு வந்ததோ அது ‘கண்டுபிடிப்பு’ என்று கடைசி அத்தியாயத்தில் ஏறிவிடுகிறது. எந்தத் தொடர்புமே இல்லாத விஷயங்களில் தனித்தனியாக இருபது டெஸ்ட் போட்டால்கூட ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. இதைப் பெரும்பாலான மாணவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

நான் மாணவர்களைக் குறை சொல்ல வரவில்லை. டெஸ்ட்டை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்த நாம், தரவை எப்படி உண்டாக்குவது என்று சொல்லிக்கொடுக்கவே இல்லை. தொழில் நடத்துகிறவருக்கு இருக்கும் கேள்வி எப்போதும் ‘இதைச் செய்தால் அது கூடுமா’ என்பதுதான். அதற்கு ஃபார்ம் பதில் சொல்லாது. ஒரே மாதிரியான ஆட்களை எடுத்து, குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் செய்து, மறுபாதிக்குச் செய்யாமல் விட்டுப் பார்த்தால்தான் சொல்லும்.

நான் வகுப்பில் முதலில் எடுப்பது சிட்ரிப் கதை. சீனாவின் பெரிய பயண முன்பதிவு நிறுவனம் அது. 2010 கடைசியில் தன் ஷாங்காய் கால் சென்டர் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விடலாமா என்று யோசித்தது. விருப்பமா என்று கேட்டதில் சுமார் 500 பேர் கை தூக்கினார்கள். தனி அறை, இணைய வசதி, ஆறு மாத அனுபவம் எல்லாம் பார்த்தபின் மிஞ்சியவர்கள் 249 பேர். எல்லோரும் பார்க்கக் குலுக்கல் போட்டார்கள்: பிறந்த தேதி இரட்டைப்படை என்றால் வாரத்தில் நாலு நாள் வீடு, ஒற்றைப்படை என்றால் வழக்கம் போல ஆபீஸ். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால் வீட்டுக் குழுவின் வேலை 13 சதவீதம் அதிகம். அதில் 9 சதவீதம் ஷிஃப்டில் கூடுதல் நிமிடம் உட்கார்ந்ததால் வந்தது (ஓய்வு, உடம்பு சரியில்லை என்று போகும் நேரம் குறைந்திருந்தது), 4 சதவீதம் நிமிடத்துக்குக் கூடுதல் அழைப்பு எடுத்ததால். வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

இதில் நான் மாணவர்களைக் கவனிக்கச் சொல்வது 13 அல்ல. விருப்பப்பட்டவர்களுக்கு உள்ளேயே குலுக்கினார்கள் பாருங்கள், அதைத்தான். விரும்பி வீட்டுக்குப் போனவர்களை விரும்பாமல் ஆபீஸில் இருந்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால், வந்த வித்தியாசம் வீட்டாலா ஆளாலா என்று எந்தச் சாஃப்ட்வேராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

இரண்டாமாண்டு_மாணவி

சார், நீங்கள் சொல்வது எல்லாம் சரி, ஆனால் எங்கள் நிலைமையையும் பாருங்கள். கம்பெனியில் 45 நாள் இருக்க விடுவார்கள், ஒரு நாற்காலி கொடுப்பார்கள், எதையும் மாற்ற விடமாட்டார்கள். மாத விற்பனைக் கணக்கைக் கேட்டாலே ‘அது கான்ஃபிடென்ஷியல்’ என்பார்கள். கைடிடம் போய் எக்ஸ்பெரிமென்ட் என்றால் முதல் கேள்வியே ‘கொஸ்டினேர் எங்கே?’. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். 120 பேருக்குப் பதில் 500 பேரிடம் ஃபார்ம் நிரப்பி வாங்கினால் இந்தப் பிரச்சினை குறையுமா? சாம்பிள் பெரிதானால் பிழை குறையும் என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது.

கணக்கு_வாத்தியார்

குறைவது ஒரு வகைப் பிழை மட்டும்தான் அம்மா, தற்செயலால் வருவது. ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் வரும் சாய்வு அப்படியே நிற்கும். அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 23 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கியது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் 57 சதவீதம் வாங்குவார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 61 சதவீதம் வாங்கி ஜெயித்தார், லாண்டனுக்குக் கிடைத்தது இரண்டே மாநிலம். முகவரி எடுத்தது டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும். போதாக்குறைக்கு அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு மாதிரியான ஆட்கள். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு யார் ஜெயிப்பார் என்பதைச் சரியாகச் சொன்னார்.

உங்கள் குரூப்பில் 500 பேர் நிரப்பினால் உங்கள் குரூப்பைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்வீர்கள். அவ்வளவுதான் கிடைக்கும்.

கிளிக்_கணக்கு

ஆன்லைன் விளம்பரத் துறையில் இருக்கிறேன், சென்னை. வாத்தியார் சொல்வதற்கு எங்கள் துறையிலிருந்து ஒரு சாட்சி.

ஈபே என்ற இணைய விற்பனைத் தளம் பல காலம் கூகுள் மாதிரித் தேடுபொறிகளில் காசு கொட்டி விளம்பரம் செய்துகொண்டிருந்தது. 2012இல் அங்கிருந்த பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முதலில் ‘ஈபே’ என்று பெயர் போட்டுத் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் நிறுத்தினார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த கிளிக்கில் 99.5 சதவீதம் அதற்குக் கீழேயே இருந்த இலவசத் தேடல் முடிவு வழியாக வந்து சேர்ந்தது! ஈபேவுக்குப் போக வேண்டும் என்று தேடியவர்கள் ஈபேவுக்குப் போனார்கள், வாசலில் நின்று காசு வாங்கியவர் மட்டும் இல்லை. அப்புறம் மற்ற தேடல் சொற்களுக்கு நாட்டையே விளம்பரப் பகுதிகளாகப் பிரித்து, சுமார் 30 சதவீதப் பகுதிகளில் 60 நாள் விளம்பரத்தை அணைத்து வைத்தார்கள். விற்பனையில் வந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாத அளவு. போட்ட காசுக்கு வந்த லாபம் மைனஸ் 63 சதவீதம் என்று கணக்கு வந்தது.

இங்கேதான் மாணவர்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். அதே தரவில், சோதனையே இல்லாமல், ‘செலவு கூடிய இடத்தில் விற்பனையும் கூடுகிறதா’ என்று சாதாரண ரிக்ரெஷன் (ஒன்று ஏறும்போது மற்றது எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் கணக்கு) போட்டால் லாபம் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டுகிறது. ஏனென்றால் ஜனங்கள் வாங்குகிற மனநிலையில் இருக்கும் போதுதான் தேடுகிறார்கள், தேடும்போதுதான் விளம்பரச் செலவும் ஏறுகிறது. ஏறின காசும் ஏறின விற்பனையும் ஒரே காரணத்தின் பிள்ளைகள். புதிதாக வந்தவர்களிடமும் எப்போதோ வாங்குகிறவர்களிடமும் மட்டும் விளம்பரம் கொஞ்சம் வேலை செய்தது, அதையும் அந்தச் சோதனைதான் காட்டியது.

ரிங்_ஃபிரேம்

கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி பார்க்கிறேன். படித்தது டிப்ளமா, எம்பிஏ இல்லை. ஆனால் நீங்கள் பேசுவது எங்களுக்குத் தினப்படி வேலை.

புது டிராவலர் (வளையத்தின் மேல் ஓடி நூலை முறுக்க உதவும் சின்னக் கொக்கி) ஒன்றை ஒரு கம்பெனிக்காரர் கொண்டு வந்து கொடுத்து, நூல் அறுப்பு குறையும் என்கிறார். சாதாரணமாக என்ன செய்வார்கள்? ஏழாம் ஃபிரேமில், அதாவது ஏழாம் நூற்பு மெஷினில், புதியதைப் போடுவார்கள், எட்டாம் ஃபிரேமில் பழையது ஓடும், ஒரு வாரம் கழித்து எது குறைவு என்று பார்ப்பார்கள். ஏழாம் ஃபிரேமின் ஸ்பீடு வேறு, அது இருக்கும் இடத்தின் ஈரப்பதம் வேறு, பார்க்கிற ஆள் வேறு, சில சமயம் பஞ்சு மிக்சிங்கே மாறியிருக்கும். வந்த வித்தியாசம் டிராவலரோடதா ஃபிரேமோடதா என்று எப்படிச் சொல்வது? அதனால் நாங்கள் ஒரே ஃபிரேமில் இடது பக்கம் புதியது, வலது பக்கம் பழையது. எந்தப் பக்கம் எது என்று காசு சுண்டிப் போடுவது. சில டாஃப் (நூல் நிறைந்ததும் கழற்றும் ஒரு சுற்று) ஓடியதும் பக்கத்தை மாற்றிப் போடுவது. 100 ஸ்பிண்டிலுக்கு (நூல் சுற்றும் கதிர்) ஒரு மணி நேரத்தில் எத்தனை அறுப்பு என்று பக்கவாரியாக எழுதி, ஃபிரேமுக்குள்ளேயே கழித்துப் பார்ப்பது. ஃபிரேமுக்கு ஃபிரேம் இருக்கிற பெரிய வேறுபாடு அந்தக் கழித்தலிலேயே போய்விடும், மிச்சம் நிற்பது டிராவலர்.

இதற்கு ‘பிளாக்கிங்’ என்று பெயர் என்பதை ஒரு பயிற்சியில்தான் கேட்டேன். மாணவர்கள் சோதனை என்றதும் பெரிய கம்பெனி, பெரிய எண் என்று பயப்பட வேண்டியதில்லை. நல்ல ஜோடி அமைத்தால் கொஞ்சம் தரவே நிறையப் பேசும்.

கணக்கு_வாத்தியார்

@ரிங்_ஃபிரேம், அருமை ஐயா. உங்கள் தொழிலிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. மும்பை பக்கத்து ஜவுளி நிறுவனங்களில் பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் புளூமும் அவர் கூட்டாளிகளும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு. மொத்தமே 17 நிறுவனம். எல்லோருக்கும் ஒரு மாதம் ஆலோசகர்கள் வந்து குறைகளைச் சொன்னார்கள், குலுக்கலில் வந்த 11 நிறுவனத்துக்கு மட்டும் மேற்கொண்டு நாலு மாதம் உடனிருந்து திருத்தினார்கள். ஸ்டோரில் நூலை அடுக்கி வைத்துக் கணக்கு எழுதுவது, மெஷினைச் சுற்றிச் சுத்தமாக வைப்பது, எந்தத் தறி ஏன் நின்றது என்று தினமும் பதிவது, இப்படிச் சின்னச் சின்ன வேலைகள். முதல் வருடத்தில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது. 17 நிறுவனம் போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள். அதை ஈடுகட்டத்தான் ஒவ்வோர் ஆலையிலும் வாரா வாரம் நீண்ட காலம் அளந்தார்கள்.

‘30க்கு மேல் இருந்தால் போதும்’ என்று வகுப்பில் சொல்லும் விதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சின்ன மாதிரிக்காகவே பிறந்ததுதான் டி டெஸ்ட் (சராசரிகளை ஒப்பிடும் டெஸ்ட்). டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் பார்லியையும் பீர் காய்ச்சும் முறையையும் சோதித்துக்கொண்டிருந்த காசெட், நாலைந்து அளவீடுகளை வைத்து என்ன சொல்ல முடியும் என்று கணக்குப் போட்டு 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். பாடப்புத்தகத்தில் ‘ஸ்டூடன்ட்ஸ் டி’ என்று படிக்கிறோமே, அந்த ஸ்டூடன்ட் ஒரு தொழிற்சாலை ஊழியர். தொழிலுக்குள்ளிருந்து வந்த கணிதத்தைத் தொழில் படிக்கிறவர்கள் வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்வது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

களப்பணி_மதுரை

எல்லோரும் சேர்ந்து சர்வேயை ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறீர்கள். நான் மார்க்கெட் ரிசர்ச்சில் களப்பணி மேற்பார்வை செய்கிறவள், எனக்கு இது ஏற்பாக இல்லை. இந்தியாவில் சோதனை வடிவமைப்பும் மாதிரி சர்வேயும் ஒரே வீட்டில்தான் வளர்ந்தன. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார், 1950இல் தேசிய மாதிரி ஆய்வு ஆரம்பித்தது, இன்றைக்கும் குடும்பச் செலவு, வேலைவாய்ப்பு பற்றி நாம் பேசுகிற எண்ணெல்லாம் அந்த வழி வந்தவை. நல்ல சர்வேயில் யாரைக் கேட்பது என்பதையும் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. தெருவில் எந்த வீட்டில் ஆரம்பிப்பது, எத்தனை வீடு தள்ளி அடுத்தது, கதவு பூட்டியிருந்தால் மறுபடி எப்போது வருவது என்று எல்லாம் தாளில் எழுதியிருக்கும். பூட்டின வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தால், வேலைக்குப் போகிற பெண்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள். அதற்காகவே மாலையில் மறுபடி போகிறோம்.

எத்தனை பேருக்கு, எவ்வளவு, எங்கே என்ற கேள்விக்கு சர்வே. இதைச் செய்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சோதனை. மாணவர்கள் முதலில் தங்கள் கேள்வி எந்த வகை என்று முடிவு செய்தால் போதும். இன்னொன்று, சோதனையும் தப்பான கேள்வியைக் கேட்கலாம். கோகோ கோலா 1985இல் புதுச் சுவையைக் கொண்டு வருமுன் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிக் கேட்டது. பெரும்பான்மை புதியதைத்தான் பிடித்தது என்றார்கள். ஏப்ரலில் பழையதை நிறுத்தினார்கள், ஜூலையில் திரும்பக் கொண்டு வர வேண்டியதாயிற்று. ஒரு மடக்கு குடித்து எது பிடிக்கிறது என்று கேட்டதற்கு வந்த பதில் அது. இனிமேல் பழையது கிடைக்கவே கிடைக்காது, சம்மதமா என்பதைச் சரியாகக் கேட்கவில்லை.

இரண்டாமாண்டு_மாணவி

@களப்பணி_மதுரை, அக்கா, இந்த ‘கேள்வி எந்த வகை’ என்பது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. அதை வைத்து ஒரு யோசனை. எங்கள் மாமாவுக்கு ஸ்வீட் கடை இருக்கிறது. பில் போடும்போது போன் நம்பர் வாங்குவார்கள், சுமார் 2,400 நம்பர் சேர்ந்திருக்கிறது. ‘500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் மிக்சர் பாக்கெட் இலவசம்’ என்று வாட்ஸ்அப் அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதைப் புராஜெக்டாகச் செய்யலாமா? பாதிப் பேருக்கு அனுப்பி மீதிப் பேருக்கு அனுப்பாமல் விட்டால் சோதனை ஆகிவிடுமா? கம்பெனி அனுமதி தேவையில்லை, தரவும் முழுசாகக் கிடைக்கும்.

கணக்கு_வாத்தியார்

தாராளமாகச் செய்யலாம். இழையில் இதுவரை வந்ததிலேயே எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த பதிவு இதுதான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் கேள்வி எது? ‘மெசேஜ் அனுப்பினால் வருவார்களா’ என்பது ஒன்று, ‘மிக்சர் கொடுத்தால் வருவார்களா’ என்பது வேறொன்று. மெசேஜ் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டால் இரண்டும் கலந்துவிடும். கடையின் ஞாபகம் வந்ததாலேயே வந்தவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு மிக்சர் தேவையில்லை. மிக்சரின் வேலையைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு குழுவுக்கும் ஒரே நேரத்தில் ஒரே வாழ்த்து போக வேண்டும், ஒன்றில் மட்டும் இலவசம் பற்றிய வரி கூடுதலாக இருக்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. சாதாரணமாக ஒரு வாரத்தில் அந்தப் பட்டியலில் எத்தனை சதவீதம் பேர் கடைக்கு வருகிறார்கள் என்று பழைய பில்லில் பாருங்கள். 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது 8 ஆனால்தான் மாமாவுக்கு அர்த்தம் உண்டு என்றால், ஒரு குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும்? கையால் போடும் சூத்திரம்: 16ஐ மாறுபாட்டால் (வருகிறவர்களின் பங்கையும் வராதவர்களின் பங்கையும் பெருக்கினால் கிடைப்பது) பெருக்கி, கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவான 6.5 சதவீதத்துக்கு மாறுபாடு 0.065 × 0.935, அதாவது ஏறக்குறைய 0.061. வித்தியாசம் 0.03, அதன் வர்க்கம் 0.0009. கணக்குப் போட்டால் குழுவுக்குச் சுமார் 1,080 பேர். 5 சதவீத அளவில் டெஸ்ட் போட்டு, உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால் 80 சதவீத வாய்ப்பில் அது பிடிபட இவ்வளவு வேண்டும். உங்களிடம் 1,200 வீதம் இருக்கிறது, போதும். ஆனால் தேடும் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் ஆள் ஏறக்குறைய நாலு மடங்கு வேண்டும், அப்போது உங்கள் பட்டியல் பத்தாது. இதைத் தரவு சேர்த்த பிறகு கண்டுபிடித்துப் பிரயோஜனம் இல்லை, இப்போதே தெரிய வேண்டும்.

குலுக்கலை எக்செலில் செய்யலாம். நம்பருக்குப் பக்கத்தில் ராண்ட் ஃபார்முலா (தற்செயல் எண் தருவது) போட்டு இழுங்கள். உடனே அந்த எண்களைக் காப்பி செய்து வேல்யூவாக பேஸ்ட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஷீட்டில் எங்கே தொட்டாலும் அவை மாறிக்கொண்டே இருக்கும். அப்புறம் அதை வைத்து வரிசைப்படுத்தி மேல் பாதி, கீழ் பாதி. பட்டியலில் இருக்கிற வரிசையிலேயே முதல் 1,200ஐ எடுக்காதீர்கள். பழைய வாடிக்கையாளர் எல்லாம் மேலே இருப்பார்கள்.

கிளிக்_கணக்கு

ஏன் சார் மூன்று குழு வைக்கக் கூடாது? மெசேஜ் இல்லை, வெறும் மெசேஜ், மிக்சரோடு மெசேஜ். ஒரே அடியில் இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிடும். நாங்கள் ஐந்தாறு வடிவம்கூட ஒரே நேரத்தில் ஓட்டுகிறோம். 2008 தேர்தலுக்கான ஒபாமா பிரசார இணையதளத்தில் 24 விதமான சேர்க்கையை ஒரே நேரத்தில் சோதித்தார்கள், பதிவு செய்தவர்கள் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக ஏறினார்கள்.

கணக்கு_வாத்தியார்

அந்தத் தளத்துக்குச் சோதனைக் காலத்தில் வந்தவர்கள் 3 லட்சத்துக்கு மேல், 24ஆகப் பிரித்தாலும் ஒவ்வொன்றுக்கும் சுமார் 13,000 பேர். ஸ்வீட் கடைப் பட்டியலை மூன்றாகப் பிரித்தால் 800. மேலே போட்ட கணக்குப்படி அது பத்தாது. இரண்டு கேள்விக்கு அரைகுறைப் பதிலைவிட ஒரு கேள்விக்கு நம்பத்தக்க பதில் மேல் என்பது என் தீர்ப்பு. மாமாவுக்கு மெசேஜ் அனுப்பச் செலவு ஒன்றும் பெரிதில்லை, மிக்சருக்குத்தான் செலவு. அதைச் சோதிப்போம்.

இரண்டாமாண்டு_மாணவி

சார், பி மதிப்பு 0.03 வந்தால் ‘மிக்சர் வேலை செய்யாமல் இருக்க 3 சதவீத வாய்ப்பு’ என்று எழுதலாமா? எங்கள் நோட்ஸில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது.

கணக்கு_வாத்தியார்

கூடாது. மிக்சருக்கு எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொண்டு, அந்த உலகத்தில் குலுக்கலின் தற்செயலால் மட்டும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1935இல் சொன்ன டீ சோதனையைக் கையால் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். எட்டுக் கோப்பை டீ. நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில். ருசி பார்த்தே எந்த நாலு என்று சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி. எதுவும் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொன்னாலும் நாலும் சரியாக அமைய 70இல் 1, அதாவது சுமார் 1.4 சதவீதம். இது பி மதிப்பு. மூன்று சரி, ஒன்று தப்பு என்றால்? அதற்கு 16 வழி, நாலும் சரிக்கு ஒன்று, ஆக 70இல் 17, ஏறக்குறைய 24 சதவீதம். ஒரே ஒரு கோப்பை தவறினால் ஆதாரம் கரைந்துவிடுகிறது. இந்த 70 எங்கிருந்து வந்தது? கோப்பைகளைக் குலுக்கி வைத்ததால் வந்தது. குலுக்காமல் நாலையும் வரிசையாக வைத்திருந்தால் இந்தக் கணக்குக்கே அடிப்படை கிடையாது. ஃபார்மில் வந்த 120 பேருக்கு பி மதிப்பு போடுவதில் என் மனக்குறை அதுதான்.

பலகாரக்கடை

நான் மாணவியின் மாமா இல்லை, ஆனால் அதே வியாபாரம். பி மதிப்பு எல்லாம் சரி ஐயா, எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். மிக்சர் பாக்கெட் எனக்கு 40 ரூபாய் அடக்கம். எப்படியும் வருகிறவனுக்கும் சேர்த்துத்தானே கொடுக்கிறேன்? அந்த நஷ்டத்தை உங்கள் டெஸ்ட் பார்க்கிறதா?

கணக்கு_வாத்தியார்

பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்டதை ஒரு எடுத்துக்காட்டாகப் போடுகிறேன், எண்கள் எல்லாம் கற்பனை.

1,200 பேருக்கு வெறும் வாழ்த்து, 60 பேர் வந்தார்கள், 5 சதவீதம். 1,200 பேருக்கு மிக்சர், 96 பேர் வந்தார்கள், 8 சதவீதம். வித்தியாசம் 3 புள்ளி. அதன் திட்டப் பிழை (தற்செயலால் வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு) ஏறக்குறைய 1 புள்ளி. பி மதிப்பு 0.003, மாணவி ‘சிக்னிஃபிகன்ட்’ என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) 1 முதல் 5 புள்ளி வரை.

இப்போது காசு. வந்தவர்கள் எல்லோரும் 500க்கு மேல் வாங்கினார்கள், ஒரு பில்லுக்கு உங்களுக்கு 150 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம். கூடுதலாக வந்தவர் 36 பேர், லாபம் 5,400. மிக்சர் போனது 96 பேருக்கு, செலவு 3,840. மிச்சம் 1,560. இடைவெளியின் கீழ்முனையில், உண்மை 1 புள்ளிதான் என்றால் கூடுதல் ஆள் 12, லாபம் 1,800, மிக்சர் 72 பேருக்கு 2,880. நஷ்டம் 1,080. மேல்முனையில் 60 பேர், 9,000, மிக்சருக்கு 4,800, மிச்சம் 4,200. பி மதிப்பு இவ்வளவு சின்னதாக இருந்தும் ‘லாபம் நிச்சயம்’ என்று சொல்ல முடியவில்லை பாருங்கள். ரிப்போர்ட்டின் கடைசி அத்தியாயத்தில் வர வேண்டியது இந்த மூன்று வரிதான்.

பலகாரக்கடை

இது புரிகிறது. இப்படி ஒரு தாள் ஏதாவது காலேஜ் பிள்ளை கொண்டு வந்தால் நான் என் பட்டியலையும் தருவேன்.

களப்பணி_மதுரை

ஒரு கவலை. பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேருக்கு இல்லை என்பது வெளியே தெரிந்தால்? 2000இல் அமேசான் டிவிடி விலையை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டிச் சோதித்தது, வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துக் கொதித்துவிட்டார்கள். கடைசியில் மன்னிப்புக் கேட்டு, சுமார் 6,900 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்வீட் கடையில் ஒரே தெருக்காரர்கள், பேசிக்கொள்வார்கள்.

கணக்கு_வாத்தியார்

நியாயமான கவலை. விலையைத் தொடாமல் பரிசாக வைத்தது ஒரு பாதுகாப்பு. சோதனை வாரம் முடிந்ததும் மறுபாதிக்கும் அதே பரிசை அனுப்பிவிடலாம், யாருக்கும் குறையிருக்காது. மெசேஜ் வேண்டாம் என்று சொன்னவர்களைக் குலுக்கலுக்கு முன்பே நீக்கிவிட வேண்டும். பின்னால் நீக்கினால் குழு சாய்ந்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு நம்பர் இருந்தால் அந்த வீட்டை ஒரே சீட்டாக எண்ண வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவுக்கு மிக்சர், அம்மாவுக்கு வாழ்த்து என்று போய், மெசேஜ் வீட்டுக்குள்ளேயே ஃபார்வர்ட் ஆகிவிடும்.

கிளிக்_கணக்கு

இரண்டு சேர்க்கிறேன். தங்கச்சி, தினமும் மாலையில் ‘இன்றைக்கு 0.05க்குக் கீழே வந்துவிட்டதா’ என்று எட்டிப் பார்த்து, வந்த அன்றே நிறுத்திவிடாதீர்கள். பலனே இல்லாவிட்டாலும், ஐந்து முறை பார்த்து ஏதாவது ஒரு முறை கீழே வந்தால் நிறுத்துவது என்றால் தப்பாக ‘ஜெயித்துவிட்டது’ என்று சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 14க்கு ஏறிவிடும், பத்து முறை பார்த்தால் 19. ஏழு நாள் என்று எழுதிவைத்தால் ஏழாம் நாள் ஒரு முறை பாருங்கள்.

இரண்டாவது, நீல டிக் விழுந்தவர்களை மட்டும் எண்ணலாமே என்று தோன்றும். வேண்டாம். மெசேஜைத் திறந்து பார்க்கிறவர்கள் ஏற்கெனவே கடை மேல் பிரியம் உள்ளவர்கள். குலுக்கலில் யார் எந்தக் குழுவில் விழுந்தார்களோ, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதே குழுவில் எண்ண வேண்டும்.

இரண்டாமாண்டு_மாணவி

எல்லோருக்கும் நன்றி. கைடிடம் காட்டுவதற்கு இப்படி எழுதியிருக்கிறேன்: கேள்வி, இலவச மிக்சர் என்ற வரி ஒரு வாரத்தில் கடைக்கு வருகிறவர்களைக் கூட்டுமா. ஒரு வீடு ஒரு சீட்டு. இரண்டு குழு, எக்செலில் குலுக்கல், தாளை மாமாவிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பது. ஏழு நாள். அளவு, அந்த வாரத்தில் அந்த நம்பரில் பில் விழுந்ததா இல்லையா. எட்டாம் நாள் ஒரே ஒரு டெஸ்ட், நம்பிக்கை இடைவெளி, அப்புறம் லாபக் கணக்கு மூன்று வரி. மாமா தீபாவளிக்கு முந்தின வாரம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அது தப்பா?

ரிங்_ஃபிரேம்

இரண்டு குழுவுக்கும் அதே தீபாவளிதானே, ஒப்பீடு கெடாது. ஆனால் வரும் பதில் தீபாவளி வாரத்துக்கான பதில். அந்த வாரம் ஊரே கடைக்கு வரும், மிக்சர் இல்லாமலே வரும். ஆடி மாதத்தில் என்ன ஆகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மாமா மிக்சர் கொடுக்க நினைப்பது வியாபாரம் மந்தமான மாதத்துக்கு என்றால் மந்தமான வாரத்திலேயே சோதியுங்கள். இன்னொன்று, தீபாவளிக் கூட்டத்தில் பில் போடுகிற பையன் போன் நம்பரே கேட்கமாட்டான், உங்கள் அளவீடே போய்விடும்.

கணக்கு_வாத்தியார்

ரிங்_ஃபிரேம் சொன்னதுதான் என் கருத்தும். நம்பர் பதியாமல் போட்ட பில் எத்தனை என்பதையும் அந்த ஏழு நாளும் தனியாக எண்ணி வையுங்கள். இலவசம் கேட்கிறவர் தானாகவே நம்பரைச் சொல்வார், வாழ்த்து மட்டும் வந்தவர் சொல்லாமல் போகலாம். அப்படி நடந்தால் மிக்சர் குழு கூடுதலாக வந்த மாதிரி பொய்யாகத் தெரியும். பில் போடுகிறவரிடம் எல்லோரிடமும் கேட்கச் சொல்ல வேண்டும், யார் எந்தக் குழு என்று அவருக்குத் தெரியக் கூடாது. பரிசை ‘மெசேஜைக் காட்டுங்கள்’ என்று கடைசியில் வேறொருவர் கொடுக்கட்டும்.

பட்டியல் கைக்கு வந்ததும் முதலில் ஒரே வீட்டு நம்பர்களைச் சேர்த்துவிட்டு, எத்தனை சீட்டு மிஞ்சுகிறது என்று இங்கே எழுதுங்கள். 2,160க்குக் கீழே போனால் எந்த வித்தியாசத்தைத் தேடுகிறோம் என்பதை மறுபடி உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம், அதுவரை மெசேஜ் எதுவும் போக வேண்டாம்.